ஒரு பேராமைக்காக எடுத்த மீசை

பிப்ரவரி 23, 2025, ஞாயிறு – முட்டம்

இந்த ஜனவரியில் நான் பார்த்த ஆமைகள் எல்லாமே செத்தவை. நீலாங்கரையில் காலை நடைக்குப் போனால் ஒரு நாள் ஒன்று கிடக்கும், இன்னொரு நாள் மூன்று கிடக்கும். கண் பிதுங்கி, கழுத்து வீங்கி, ஓட்டின் மேல் காக்கை உட்கார்ந்திருக்கும். சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கின. பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையை நெருங்கும் நேரத்தில், 5 கடல் மைலுக்கு உள்ளே வரக் கூடாத விசைப்படகுகளும் வந்து மடி என்னும் இழுவலையை இழுத்தால் இப்படித்தான் ஆகும். ஆமைக்கு இருப்பது நுரையீரல். மடிக்குள் மாட்டி மேலே வர முடியாமல் போனால் நம்மைப் போலவே மூச்சு முட்டிச் சாகும். பிப்ரவரி பிறந்ததும் எனக்கு ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. ஒன்றையாவது உயிரோடு பார்க்க வேண்டும், அதுவும் தண்ணீருக்குள்.

அந்த நேரம் பார்த்து அக்கா மகள் தன் கைபேசியில் ஒரு வீடியோவைக் காட்டினாள். கடலாமைகளோடு ஸ்நார்க்கலிங், கன்னியாகுமரி மாவட்டம், வழிகாட்டியோடு பிரைவேட் டூர், உங்கள் குடும்பம் மட்டும். நீலக் கண்ணாடி மாதிரி தண்ணீர், அடியில் வெள்ளை மணல், நாலு ஆமைகள். இரண்டு பேருக்கு 12,000 ரூபாய், காலைச் சாப்பாடு சேர்த்து. வாட்ஸ்அப்பில் பேசிய தம்பி, "ஆமை நூறு சதவீதம் சார்" என்றார். பணத்தை அனுப்பிவிட்டேன். அக்கா மகள் கல்லூரி முதலாம் ஆண்டு, பள்ளியில் நீச்சல் போட்டிகளுக்குப் போனவள். எனக்குத் தெரிந்தது கிணற்று நீச்சல். அவளுக்குத் துணையாக நான் போவதாக அக்காவிடம் சொல்லியிருந்தேன். உண்மையில் எனக்குத்தான் அவள் துணை.

இன்று காலை நாகர்கோவிலில் இறங்கி, முட்டத்தில் எடுத்திருந்த மாடி அறையில் பையைப் போட்டுவிட்டு, எட்டு மணிக்குக் கடியப்பட்டணம் கடற்கரையில் போய் நின்றோம். வள்ளங்கள் எல்லாம் மணலில் வரிசையாக ஏறிக் கிடந்தன. ஒரு ஆள் இல்லை. கோவில் ஒலிபெருக்கியில் பாட்டு மட்டும் கேட்டது. கால் மணி நேரம் கழித்து எங்கள் வழிகாட்டி வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பின்னால் மனைவி, இரண்டு பிள்ளைகள்.

"சார், இன்னைக்கு ஞாயிற்றுக்கிழமையாக்கும்" என்றார்.

"தெரியும்ணே. அதனாலதானே லீவு போட்டு வந்திருக்கோம்."

"ஞாயிற்றுக்கிழமை இங்க எவனும் கடலுக்குப் போமாட்டான் சார். நான் அந்தத் தம்பிகிட்டச் சொல்லியாச்சே."

இந்தக் கரையில் பெரும்பாலும் கத்தோலிக்க மீனவர்கள். ஞாயிறு பூசை, வீடு, ஓய்வு. கடலுக்கும் அன்று விடுமுறை. முட்டத்தில் பெட்டிக்கடைப் பையனுக்குக்கூடத் தெரிந்திருக்கும் இந்த விஷயம், சென்னையில் உட்கார்ந்து டூர் விற்கிறவருக்குத் தெரியவில்லை, அல்லது தெரிந்தும் விற்றிருக்கிறார். நாலு தடவை அழைத்தேன். எடுக்கவில்லை. மதியம் ஒரு செய்தி வந்தது: "நாளைக்கு அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க சார்." கூடவே ஒரு கும்பிடு பொம்மை. கூடுதல் நாளின் அறை வாடகை 1,200 யார் தருவது என்று கேட்டேன். இன்னொரு கும்பிடு வந்தது.

வழிகாட்டி அண்ணனுக்கு எங்களைவிட வருத்தம். பூசை முடிந்ததும் வீட்டுக்குக் கூட்டிப் போய்ப் புட்டும் பயறும் பப்படமும் போட்டார்கள். கூடவே மட்டிப்பழம், விரல் நீளம்தான், நல்ல மணம். இந்த மாவட்டத்து மட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கிடைக்காவிட்டாலும் நான் ஆறு பழம் தின்றிருப்பேன். மதியம் கடையில் மீன் கேட்டபோது, "ஞாயித்துக்கிழமை நல்ல மீன் எங்க சார் வரும்?" என்று சிரித்தார்கள். கடலைப் பார்த்தபடி உட்கார்ந்து கோழிக்குழம்பு சாப்பிட்டோம்.

சாயங்காலம் கலங்கரை விளக்கத்துப் பக்கம் செம்மண் மேட்டில் உட்கார்ந்திருந்தோம். கீழே பாறை இடுக்கில் கால் நனைக்க அக்கா மகள் இறங்கினாள். சுண்டல் விற்றுக்கொண்டிருந்த வயதான அம்மா, வியாபாரத்தை விட்டுவிட்டு எழுந்து வந்து கத்தினார். "ஏறி வா மக்ளே. அலை அங்கே இருக்குன்னு நெனைக்காதே, அது இங்கேயும் வரும்." இந்தக் கரையில் கள்ளக்கடல் என்று ஒன்று உண்டு. எங்கோ தெற்கே இந்தியப் பெருங்கடலில் புயல் அடிக்கும், அந்த அலை பல நாள் பயணம் செய்து, இங்கே காற்றே இல்லாத நாளில் திருடன் மாதிரி வந்து ஏறும். சென்ற ஆண்டு மே மாதம் கணபதிபுரம் பக்கத்து லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரின் உயிர் போனது அப்படி எச்சரிக்கை விடுத்திருந்த நாளில்தான். அந்த அம்மாவிடம் 20 ரூபாய்ச் சுண்டலை 40 ரூபாய்க்கு வாங்கினோம்.

பிப்ரவரி 24, திங்கள் – கடியப்பட்டணம்

காலை ஆறு மணி. பிரைவேட் டூர் என்றால் என்ன என்று இன்று தெரிந்துகொண்டேன். வள்ளத்தில் நாங்கள் இருவர், வழிகாட்டி அண்ணன், இன்ஜின் பிடிக்க ஒருவர், சிப்பி எடுக்க வந்த அண்ணனின் மச்சான், "சும்மா வந்தேன்" என்று ஏறிய ஒரு பத்து வயதுப் பையன். "உங்க குடும்பம் மட்டும்" என்று விளம்பரத்தில் போட்டிருந்ததைச் சொன்னேன். "நாங்க எல்லாம் ஒரே குடும்பம்தான் சார்" என்றார் மச்சான்.

கரையிலிருந்து வள்ளத்தைத் தள்ளி இறக்குவதே பாதிப் பயணம். அவசரப்படாமல் அலையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். பெரிய அலைகள் வரிசையாக வந்து ஓயும், ஒரு சின்ன இடைவெளி வரும். அந்த இடைவெளியில் ஒருவர் கத்த, எல்லோரும் தள்ள, இன்ஜின் உறும, வள்ளம் மூக்கைத் தூக்கிக்கொண்டு பாயும். நான் முன்பக்கம் உட்கார்ந்தது தவறு. கடலைப் பார்ப்பதற்கு முன்பே கடலைக் குடித்துவிட்டேன்.

அண்ணனுக்கு ஐம்பது வயது இருக்கும். பதினான்கு வயதில் சிப்பிக்கு முங்கத் தொடங்கியவர். கடலுக்குள் மறைந்தும் மறையாமலும் கிடக்கும் பாறைகளில் சிப்பி கொத்தாக ஒட்டியிருக்கும், இடுக்குகளில் கல்லிறால் பதுங்கியிருக்கும். ஒரு மூச்சில் முங்கி, இரும்பால் பெயர்த்து, இடுப்பு வலைப்பையில் போட்டுக்கொண்டு மேலே வருவார்கள். ஆழத்தை மீட்டரில் கேட்டால் முழிக்கிறார். பாகத்தில்தான் கணக்கு. "இங்க ரெண்டு பாகம் சார், பயப்படாதீங்க." ஒரு பாகம் ஏறக்குறைய ஆறடி. எனக்குப் பயப்பட அரைப் பாகம் போதும்.

முகக் கண்ணாடியை மாட்டிவிட்டு, வாயில் குழலைக் கொடுத்து, கையில் ஒரு டயர் டியூபையும் பிடிக்கக் கொடுத்தார். தலையை உள்ளே விட்டேன். இருபது வினாடியில் மூக்கு வரை தண்ணீர். வெளியே எடுத்து, கொட்டிவிட்டு மறுபடி மாட்டினேன். மறுபடி தண்ணீர். வாரை இறுக்கினார், வாஸ்லின் தடவினார். என்ன செய்தும் நிற்கவில்லை. கடைசியில் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சங்கடத்தோடு சொன்னார்.

"சார், மீசையாக்கும் காரணம். கண்ணாடி ரப்பர் தோலில ஒட்டணும். உங்களுக்கு மீசையில இல்லா ஒட்டுது."

பையன் அடக்க முடியாமல் சிரித்தான். என் மீசை சாதாரண மீசை கிடையாது. இருபத்தாறு வருடமாக இருக்கிறது, அலுவலக அடையாள அட்டையில் இருக்கிறது, ரேஷன் கார்டில் இருக்கிறது.

மீசை ஒழுகாமல் இருந்திருந்தாலும் பெரிதாக ஒன்றும் பார்த்திருக்க முடியாது. ராத்திரி காற்று அடித்ததில் தண்ணீர் கலங்கிக் கிடந்தது. கையை நீட்டினால் விரல் நுனி மங்கலாகத் தெரியும், அவ்வளவுதான். அக்கா மகள் ஒரு மணி நேரம் சுற்றிவிட்டு வந்து கணக்குக் கொடுத்தாள்: சிப்பிப் பாறை, மூன்று கிளாத்தி, ஊதிக்கொண்டு முறைத்த ஒரு பேத்தை. ஆமை இல்லை. பதிலுக்குச் சொறி என்கிற ஜெல்லிமீன் ஒன்று அவள் முன்கையில் உரசிவிட்டுப் போயிருந்தது. சிவந்து தடித்துக் கோடு கோடாக எழும்பியிருந்தது. அவள் பாட்டில் தண்ணீரை ஊற்றப் போனாள். "நல்லதண்ணி விடாதே மக்ளே, எரியும். கடத்தண்ணியில கழுவு" என்று அண்ணன் தடுத்தார். கரை சேர்ந்ததும் மணல் மேட்டில் படர்ந்திருந்த அடம்பங்கொடியில் பத்து இலை பறித்து, கல்லில் வைத்து நசுக்கிச் சாற்றைத் தடவினார். அரை மணியில் எரிச்சல் குறைந்தது. இலையாலா, நேரத்தாலா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. மூச்சுத் திணறினால் இலை தேடிக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று அண்ணனே சொன்னார்.

காலைச் சாப்பாடு அவர் வீட்டு முற்றத்தில். அவித்த மரச்சீனிக் கிழங்கும் சாளைப் புளிமுளமும். ஞாயிறு முடிந்ததும் ராத்திரியே போன வள்ளங்கள் கொண்டுவந்த சாளை. கிழங்கைக் குழம்பில் பிசைந்து சாப்பிட்டபோது 12,000 ரூபாயில் ஒரு பங்கு வசூலானது போல் இருந்தது. மேலே கட்டன்சாயா.

சாப்பிட்டுக்கொண்டே நம்மூர் ஆமைகளைப் பற்றிப் பாடம் நடந்தது. நான் பங்குனி ஆமை பார்க்க வந்திருப்பதாகச் சொன்னதும் அவர் தலையை ஆட்டினார். "அது பாறையில நிக்காது சார். வெளிக்கடல்ல கெடக்கும், நண்டு, இறாலு, சொறி எல்லாம் தின்னும். முட்டைக்கு மட்டும் ராத்திரி கரைக்கு ஏறும். நீங்க முங்கிப் பாக்கணும்னா பேராமையத்தான் பாக்கணும். பாசி தின்ன அதுதான் பாறைக்கு வரும். அதிர்ஷ்டம் இருந்தா அழுங்காமை." எனக்கு இது புதிது. கரையில் முட்டையிடுவதையும் செத்து ஒதுங்குவதையும் பார்த்துவிட்டு, பாறையோரம் தண்ணீருக்குள் தேடினாலும் அதே ஆமைதான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். வளர்ந்த பேராமை சைவம், பாசியும் கடற்புல்லும்தான். அழுங்காமைக்குக் கிளி அலகு மாதிரி மூக்கு, பாறை இடுக்கில் கடற்பஞ்சைக் கொத்தித் தின்னும்.

"தாத்தா காலத்தில கறி வெச்சிருக்காங்க. மறைக்கதுக்கு என்ன இருக்கு?" என்றார் பாத்திரத்தை எடுத்துக்கொண்டே அவர் மனைவி. இப்போது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் நம் கடலாமைகள் எல்லாம் இருக்கின்றன. புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு. ஆமை வலையில் ஏறினால் வலையை அறுத்து விட்டுவிடுகிறார்களாம். வலை போன நட்டம் அவர்களுடையது.

முட்டையிட இடமும் குறைந்துவருகிறது என்பது அண்ணனின் இன்னொரு குறை. கடல் அரிப்பைத் தடுக்க இந்தக் கரை நெடுகக் கருங்கல்லைக் கொட்டியிருக்கிறார்கள், கடலுக்குள் நீளும் கல் தடுப்பான தூண்டில் வளைவு கட்டியிருக்கிறார்கள். ஊருக்கு அது வேண்டும், அவரே கேட்டுப் போராடியவர்தான். "கல்லில ஏறி ஆமை எப்படி சார் குழி தோண்டும்?" பக்கத்து மணவாளக்குறிச்சிப் பக்கம் மணல் கறுப்பாக மின்னும், அரிய மணல் ஆலை அங்கே இருக்கிறது. முட்டை இருக்கும் மணலின் சூட்டைப் பொறுத்துத்தான் குஞ்சு ஆணா பெண்ணா என்று அமையும், சூடு கூடினால் பெண். இதைப் படித்துவிட்டு வந்திருந்த அக்கா மகள் கேட்டாள்: "அப்போ அந்தக் கறுப்பு மணல்ல போட்டா எல்லாம் பொண்ணாத்தான் பொறக்குமா?" அண்ணன் யோசித்தார். "எனக்கு ரெண்டும் பொண்ணுதான்" என்றார்.

நாளை மறுபடி போகலாம், பணம் வேண்டாம் என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல் அவர் என் மேலுதட்டைப் பார்த்தார்.

சாயங்காலம் திங்கள்சந்தைக்குப் போனோம். பெயரிலேயே திங்கள் இருக்கிற ஊருக்குத் திங்கள்கிழமை. வழியில் அக்கானி கிடைத்தது. நமக்குப் பதநீர், இவர்களுக்கு அக்கானி. கண்ணாடி டம்ளர் 25 ரூபாய். இரண்டு டம்ளர் குடித்துத் தைரியம் வரவழைத்துக்கொண்டு முடிதிருத்தும் கடையில் உட்கார்ந்தேன். மீசையை முழுக்க எடுக்கச் சொன்னதும் கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் தணிந்த குரலில் கேட்டார்.

"துட்டிக்கு வந்தீயளா?" சாவு வீட்டுக்கு வந்தேனா என்று கேட்கிறார்.

"இல்லண்ணே. ஆமை பாக்க."

அதற்கு மேல் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. 50 ரூபாய் வாங்கிக்கொண்டார். அக்கா மகள் என் முகத்தைப் படம் பிடித்து என் மனைவிக்கு அனுப்பியிருக்கிறாள். வந்த பதிலை இங்கே எழுத முடியாது.

பிப்ரவரி 25, செவ்வாய் – அதே பாறை

காற்று விழுந்திருந்தது. ஐந்தே முக்காலுக்கே அண்ணன் கரையில் நின்று, என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரியாமல் எனக்குப் பின்னால் தேடினார். அப்புறம் நெஞ்சில் கையை வைத்து, "எனக்காகவா சார்?" என்றார். "ஆமைக்காகண்ணே" என்றேன். வள்ளத்தில் இன்றும் அதே குடும்பம். பையன் மட்டும் இல்லை, பள்ளிக்கூடம்.

கண்ணாடியின் உள்பக்கம் துப்பித் தேய்த்து, கடல் தண்ணீரில் அலசி மாட்டினார். பனி படியாதாம். உதட்டுக்கு மேல் ரப்பர் ஒட்டிய விதமே வேறு. ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. தலையை உள்ளே விட்டதும் கொஞ்ச நேரம் மூச்சு விட மறந்துபோனேன். விளம்பரத்து நீலம் கிடையாது, இளநீர்க் காயின் பச்சை. பதினைந்து அடி தூரம் வரை தெரிந்தது. பாறை முழுக்கச் சிப்பி, அதன் மேல் பாசி, பாசியை ஒரு கிளிமீன் கடிக்கும் 'கறக் கறக்' சத்தம். முறுக்குக் கடிக்கும் சத்தம் மாதிரி தண்ணீருக்குள் அது தெளிவாகக் கேட்கும் என்று எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. மச்சான் எங்களைச் சட்டைசெய்யாமல் தலைகீழாக இறங்கிச் சிப்பி பெயர்த்துக்கொண்டிருந்தார். கணக்குப் பார்த்தேன். ஒரு முங்கலுக்கு ஒரு நிமிடத்துக்கும் மேல்.

இறங்குவதற்கு முன்பே அண்ணன் விதிகளைச் சொல்லியிருந்தார். தொடக் கூடாது, துரத்தக் கூடாது. "முக்கியமா அதுக்கு நேர் மேல நிக்கப்பிடாது சார். மூச்சுக்கு மேல வரும்போ ஆளைக் கண்டா பயந்து திரும்பக் கீழே போயிரும். மூச்சு எடுக்காமலே போவும், பாவமாக்கும்."

முக்கால் மணி நேரம் ஒன்றும் இல்லை. டியூபைப் பிடித்துக்கொண்டு மிதந்தேன். முதுகில் வெயில் ஏறத் தொடங்கியது. தாடை வலித்தது. நூறு சதவீதம் என்று சொன்ன தம்பியை மனதுக்குள் நாலு வார்த்தை திட்டினேன். அப்போது அண்ணன் தோளைத் தட்டிக் கீழே காட்டினார். பார்த்தேன், பாறை. மறுபடி காட்டினார். பாறைதான். கையைப் பிடித்து என் விரலாலேயே சுட்டிக் காட்டினார். அந்த இடத்தில் பாசி கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போய்க்கொண்டிருந்தது.

பேராமை. இளசு, கல்யாண வீட்டுத் தாம்பாளம் அளவு இருக்கும். ஓடு தவிட்டு நிறம், ஒவ்வொரு தகட்டிலும் விளக்குமாற்றுக் குச்சி விரித்தாற்போல் கீற்றுகள். முன் துடுப்புகளைப் பாறையில் ஊன்றிக்கொண்டு, மாடு வரப்பில் மேய்வது போல் இழுத்து இழுத்துத் தின்றது. எங்களை ஒரு தடவை பார்த்தது. கண் பெரிது, மூடி மூடித் திறந்தது. நாங்கள் முக்கியமில்லை என்று முடிவெடுத்ததும் மறுபடி மேயப் போய்விட்டது. அக்கா மகள் எனக்கு எதிர்ப்பக்கம், அசையாமல் கைகளை மடக்கிக்கொண்டு மிதந்தாள். வீட்டில் ஒரு நிமிடம் சும்மா இருக்காதவள்.

சட்டென்று பாறையை விட்டுவிட்டு எழும்பியது. துடுப்பை ஒரு வீச்சு, இன்னொரு வீச்சு, நேராக மேலே. எனக்கும் அதற்கும் பத்தடி இருக்கும். அண்ணன் டியூபைப் பின்னால் இழுத்தார். தலையைத் தண்ணீருக்கு வெளியே நீட்டி 'புஸ்' என்று விட்டு, ஒரு மூச்சு இழுத்தது. என் குழலில் வருகிற அதே சத்தம். இரண்டு நாளாக என் காதுக்குள் கேட்டுக்கொண்டிருந்த சத்தம் வெளியிலிருந்து கேட்டது மாதிரி இருந்தது. நீலாங்கரை நினைவு வந்தது. கண்ணாடிக்குள் தண்ணீர் சேர்ந்தது. இந்தத் தடவை மீசை மேல் பழி போட முடியாது.

அப்புறம் சரிவாக இறங்கி, பாறையைச் சுற்றி, பச்சைக்குள் போய் மறைந்தது. அவசரமே இல்லை. அக்கா மகளின் கைக்கடிகாரத்தில் மொத்தம் நாலு நிமிடம். நான் அரை மணி நேரம் என்று சத்தியம் செய்திருப்பேன்.

வள்ளத்தில் ஏறியதும் குளிரில் பல் அடித்தது. அண்ணன் தன் துண்டைப் போர்த்திவிட்டு, வறுத்த நிலக்கடலைப் பொட்டலத்தைப் பிரித்தார். அப்போதுதான் கேட்டேன், டூர்க்காரர் அவருக்கு எவ்வளவு தருகிறார் என்று. 4,500. அதில் மண்ணெண்ணெய், இன்ஜின் பிடிக்கிறவர் கூலி, எங்களுக்குப் போட்ட சாப்பாடு எல்லாம் அடக்கம். இன்று வந்தது அவர் கைக்காசு. மீதி 7,500-க்கு அந்தத் தம்பி செய்தது ஒரு வீடியோ, இரண்டு கும்பிடு. கரைக்கு வந்து 3,000 ரூபாயை நீட்டினேன். வாங்கவில்லை. அவர் மனைவியிடம் கொடுத்தேன். வாங்கி, அதில் ஆயிரத்தை எடுத்து அக்கா மகள் கையில் வைத்து, "படிக்கப்பட்ட பிள்ளை" என்றார். அதற்கு மேல் தர்க்கம் செய்ய எனக்குத் தெம்பு இல்லை.

மச்சான் கொண்டுவந்த சிப்பியை ஓட்டோடு அவித்து, சதையை எடுத்து, மிளகும் தேங்காய் எண்ணெயும் கறிவேப்பிலையும் போட்டு வறுத்தார்கள். அதைப் பற்றி எழுதினால் ஆமை பின்னால் போய்விடும்.

பிப்ரவரி 26, புதன் – தக்கலை, ரயில்

இன்று மகா சிவராத்திரி, மாவட்டத்துக்கு விடுமுறை. ரயில் சாயங்காலம்தான், அதற்குள் பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்த்துவிடலாம் என்று கிளம்பினோம். சிவாலய ஓட்டத்தை நான் கணக்கில் எடுக்கவில்லை. நேற்று சாயங்காலம் முஞ்சிறைத் திருமலையில் தொடங்கியவர்கள், ராத்திரி முழுக்க ஓடியும் நடந்தும் திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை என்று ஒவ்வொரு சிவன் கோவிலாகத் தொட்டுக்கொண்டு வருகிறார்கள். மொத்தம் பன்னிரண்டு, கடைசி திருநட்டாலம். நூறு கிலோமீட்டருக்கு மேல். காவித் துண்டு, வெறுங்கால், கையில் பனையோலை விசிறி. சிவன் கோவிலுக்குப் போகிறவர்கள் கூப்பிடுவது என்னவோ "கோவிந்தா, கோபாலா". கல்குளம் கோவில் அரண்மனைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆட்டோக்காரர் தக்கலையிலேயே கைவிரித்துவிட்டார்.

அரண்மனை போனால் போகட்டும் என்று சாலையோரம் நின்றோம். எண்பது வயது தாத்தா ஒருவர் விசிறியால் தனக்கு வீசாமல், முன்னால் நொண்டிக்கொண்டு போன ஒரு பையனின் முதுகுக்கு வீசியபடி ஓடினார். வீட்டு வாசல்களில் அண்டா வைத்து மோரும் சுக்குத் தண்ணீரும் கஞ்சியும் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஓடுகிறவர்களுக்குத்தானே என்று ஒதுங்கி நின்றால், ஓர் அக்கா கூப்பிட்டு எங்களுக்கும் கஞ்சியும் பயறும் கொடுத்தார். ஓடாமல் சாப்பிடக் கூச்சமாக இருந்தது. பசி கூச்சத்தை வென்றது. என் மழித்த உதட்டைப் பார்த்துவிட்டு, "வீட்டில விசேஷமா, வேற ஏதாவதா?" என்று இழுத்தார். இதற்குள் எனக்குப் பழகிவிட்டது. "ஆமை" என்றேன். அவரும் தலையாட்டினார், ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்திருப்பார்.

ரயில் ஆரல்வாய்மொழியைத் தாண்டும்போது இரண்டு செய்திகள் வந்தன. ஒன்று டூர்க்காரத் தம்பியிடமிருந்து: உங்கள் பயண நினைவாக என்று ஒரு வீடியோ, ஐந்து நட்சத்திரம் போடச் சொல்லி ஒரு இணைப்பு. அதே நீலத் தண்ணீர், அதே நாலு ஆமைகள். "மாமா, இது லட்சத்தீவு" என்றாள் அக்கா மகள் எட்டிப் பார்த்து. "பின்னால தெரியிற படகைப் பாருங்க. கடியப்பட்டணத்துல இப்படி ஒண்ணு பாத்தோமா?"

இன்னொன்று அண்ணனிடமிருந்து. வள்ளத்திலிருந்து மச்சான் தன் கைபேசியில் பிடித்தது, பதினோரு வினாடி. பெரும்பாலும் வானம், கொஞ்சம் இன்ஜின், தண்ணீருக்கு மேல் மிதக்கும் என் இரண்டு குதிகால்கள். "அதோ, அதோ" என்று குரல் கேட்கிறது. கடைசி வினாடியில் குதிகாலுக்கு அப்பால் புளியங்கொட்டை அளவில் ஒரு தலை எழும்புகிறது. அக்கா மகள் அதை நிறுத்தி விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். பெரிதாக்கினால் அது அலையாகிவிடுகிறது. சிறிதாக்கினால் மறுபடி தலை. ஜன்னலுக்கு வெளியே காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. வள்ளியூர் வரை அவள் பெரிதாக்கியும் சிறிதாக்கியும் பார்த்துக்கொண்டே வந்தாள்.